ஒருநாள் தலைவர்களின் நகரம்

கிரீட் தீவில் ட்ரெரோஸ் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கிருந்த அப்போலோ கோயிலை ஒட்டி 1930களில் அகழ்ந்தபோது எழுத்துப் பொறித்த கற்கள் கிடைத்தன. கி.மு. 650 அளவில் வெட்டப்பட்டவை. கல்லில் பொறிக்கப்பட்டு இன்றுவரை முழுமையாக மிஞ்சியிருக்கும் கிரேக்கச் சட்டங்களில் மிகப் பழையது அவற்றில் ஒன்று என்று கருதுகிறார்கள். அந்தச் சட்டம் கொலையைப் பற்றியோ களவைப் பற்றியோ பேசவில்லை. ஊரின் தலைமைப் பதவியில் ஒருமுறை இருந்தவர் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அதே பதவிக்கு வரக்கூடாது என்கிறது. மீறி வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால், அவர் விதித்த தண்டத்தைப்போல் இரு மடங்கை அவரே கட்ட வேண்டும். ஆயுள் முழுக்க எந்தப் பதவிக்கும் தகுதி இழப்பார். அவர் செய்தது எதுவும் செல்லாது.

ட்ரெரோஸில் மக்களாட்சி இல்லை. சில குடும்பங்களுக்குள்தான் பதவி சுற்றி வந்தது. ஆனாலும் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டாரோ என்ற பயம் அந்த ஊருக்கு இருந்திருக்கிறது. அந்தப் பயத்தைச் சட்டமாக்கிக் கல்லில் வெட்டி, கோயிலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார்கள். கிரேக்க மக்களாட்சியைச் சுதந்திரம், சமத்துவம் என்ற பெரிய சொற்களிலிருந்தே தொடங்குவது வழக்கம். அந்தச் சொற்கள் பின்னால் வந்தவை. முதலில் வந்தது இந்தப் பயம்தான். அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் ஏதென்ஸ் அதை எடுத்துக்கொண்டு, யாரையும் எந்த நாற்காலியிலும் நெடுநாள் உட்காரவிடாத ஒரு முழு ஆட்சிமுறையைக் கட்டி எழுப்பியது.

ஏதென்ஸ் என்பது நகரம் மட்டுமல்ல. அதைச் சூழ்ந்த அட்டிகா முழுவதும், சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், அதன் நாடு. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அங்கே நல்ல நிலமும் பூசாரிப் பதவியும் நீதியும் சில பெருங்குடும்பங்களின் கையில் இருந்தன. ஆண்டுக்கு ஒன்பது பேர் ஆர்கான் என்ற ஆட்சிப் பதவியில் இருப்பார்கள். பதவி முடிந்ததும் அரியோபாகஸ் குன்றில் கூடும் மூத்தோர் அவையில் ஆயுள் உறுப்பினர் ஆகிவிடுவார்கள். சட்டம் எழுத்தில் இல்லை. பெரிய வீட்டுக்காரர் சொன்னதுதான் சட்டம். கி.மு. 621-ல் டிராகோ அதை எழுதி வைத்தார். கடுமைக்குப் பேர்போன சட்டங்கள் அவை. என்றாலும் எழுதி வைத்ததே பெரிய காரியம். அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்பவரிடம், எழுதியிருப்பது இதுதானே என்று கேட்க வழி பிறந்தது.

ஆனால் ஏழை விவசாயியின் கழுத்தை நெரித்தது கடன். விளைச்சலில் ஆறில் ஒரு பங்கைக் கொடுக்கக் கட்டுப்பட்ட குடியானவர்கள் இருந்தார்கள். அதைக் கொடுக்க முடியாதவர் தன்னையும் மனைவி மக்களையும் ஈடாக வைத்தார், கடைசியில் அடிமையானார். கடல் கடந்து விற்கப்பட்டவர்களும் உண்டு. அடகுப்பட்ட நிலத்தில் அதற்கு அடையாளமாகக் கற்கள் நடப்பட்டிருந்தன.

கலகம் வெடிக்கும் நிலையில், கி.மு. 594-ல் சோலோனை ஆர்கானாகத் தேர்ந்து முழு அதிகாரமும் கொடுத்தார்கள். அவர் உயர்குடியில் பிறந்தவர், கவிஞர், வணிகமும் தெரிந்தவர். அவர் அந்தக் கற்களைப் பிடுங்கி எறிந்தார். உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதைத் தடை செய்தார். வெளிநாடுகளில் விற்கப்பட்டிருந்தவர்களில் பலரை மீட்டுக் கொண்டுவந்தார். இது நடந்த அன்று முதல் ஏதென்ஸ் குடிமகன் ஒருவனை அவன் ஊரிலேயே கடனுக்காக அடிமையாக்க முடியாது என்றாயிற்று. பின்னால் வந்த எல்லா உரிமைகளும் இந்த ஒன்றின்மேல்தான் நின்றன.

நிலத்தைப் பங்கிட்டுக் கொடு என்று ஏழைகள் கேட்டதை மட்டும் சோலோன் ஏற்கவில்லை. பதவிக்குப் பிறப்பு வேண்டாம், வருமானம் போதும் என்று விதியை மாற்றினார். ஆண்டுக்கு 500 மெடிம்னோஸ் என்ற கிரேக்க அளவு விளைவிப்பவர் முதல் வகுப்பு, 300 இரண்டாவது, 200 மூன்றாவது. அதற்கும் கீழே இருந்த கூலிகளும் சிறு கைத்தொழிலாளர்களும் நான்காவது. அந்தக் கடைசி வகுப்புக்குப் பதவி கிடையாது. ஆனால் மக்கள் சபையிலும் முறையீட்டு மன்றத்திலும் இடம் உண்டு. இன்னொன்றையும் செய்தார். அநீதி இழைக்கப்பட்டவர் சார்பில் யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடரலாம் என்றார். அதுவரை அடிபட்டவனுக்கு அவன் உறவினர்தான் துணை. இனி முன்பின் தெரியாத ஒருவரும் துணைக்கு வரலாம். சட்டங்களைக் கொடுத்துவிட்டுச் சோலோன் பத்தாண்டுப் பயணம் புறப்பட்டார். ஊரில் இருந்தால் இதை மாற்று, அதை மாற்று என்று அவரை விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விரும்பியிருந்தால் சர்வாதிகாரியாக இருந்திருக்கலாம். இருக்க மறுத்தார் என்பதே அவருடைய சட்டங்களுக்கு மதிப்பைத் தந்தது.

அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். பிசிஸ்ட்ராடஸ் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு, எதிரிகள் வெட்டினார்கள் என்று காட்டி மெய்க்காவலர்களைக் கேட்டு வாங்கினார். அவர்களை வைத்தே அக்ரோபோலிஸ் குன்றைப் பிடித்தார். ஒருமுறை துரத்தப்பட்டபின், ஃபியே என்ற உயரமான பெண்ணுக்குக் கவசம் பூட்டித் தேரில் ஏற்றி, அதீனா தேவியே தன்னை அழைத்து வருவதாகச் சொல்லி ஊருக்குள் நுழைந்தார் என்று எழுதுகிறார் ஹெரோடோடஸ். ஆனாலும் அவர் ஆட்சி கொடுமையானதல்ல. சிறு விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார். ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்கும் நீதிபதிகளை அமர்த்தினார். கி.மு. 527-ல் அவர் இறந்தபின் மகன்கள் ஆண்டார்கள். 514-ல் இளையவன் ஹிப்பார்கஸ் கொல்லப்பட்டான். மூத்தவன் ஹிப்பியாஸ் கொடுங்கோலனானான். 510-ல் ஸ்பார்டாவின் படை வந்து அவனை விரட்டியது.

அடுத்து நடந்ததுதான் உண்மையான திருப்பம். அதிகாரத்துக்காக இரண்டு உயர்குடியினர், இசகோரஸும் கிளைஸ்தனிஸும், மோதிக்கொண்டார்கள். தோற்கும் நிலையில் இருந்த கிளைஸ்தனிஸ் பொதுமக்கள் பக்கம் திரும்பி அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். இசகோரஸ் ஸ்பார்டா அரசன் கிளியோமெனிஸை அழைத்தார். கிளியோமெனிஸ் வந்து 700 குடும்பங்களை நாடு கடத்தி, ஊரின் அவையைக் கலைக்கப் பார்த்தான். அவை கலைய மறுத்தது. கிளியோமெனிஸும் இசகோரஸும் அக்ரோபோலிஸ் குன்றின்மேல் ஏறி அடைத்துக்கொள்ள, ஊர் திரண்டு குன்றைச் சூழ்ந்தது. இரண்டு நாள் முற்றுகை. மூன்றாம் நாள் ஸ்பார்டாவின் அரசன் சமரசம் பேசிப் படையோடு வெளியேறினான். அப்போது கிளைஸ்தனிஸ் ஊரிலேயே இல்லை. நாடு கடத்தப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தலைவன் இல்லாமல் மக்களே எழுந்து செய்த காரியம் இது. அதற்குப் பிறகுதான் அவரைத் திரும்ப வரவழைத்தார்கள். கிரேக்க மக்களாட்சிக்குப் பிறந்த நாள் சொல்ல வேண்டுமென்றால், ஒரு தலைவர் சட்டம் கொண்டுவந்த நாளைவிடப் பெயர் தெரியாத மக்கள் குன்றைச் சூழ்ந்து நின்ற அந்த மூன்று நாள்களைச் சொல்வதே நியாயம்.

திரும்பி வந்த கிளைஸ்தனிஸ் கி.மு. 508-7-ல் செய்த சீர்திருத்தம் ஒரு கணக்கு. ஏதென்ஸ் மக்கள் அதுவரை நான்கு பழைய குலங்களாகப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பெருங்குடும்பங்களின் பிடி இருந்தது. அவர் நாட்டிலுள்ள சிற்றூர்களையும் நகரத்தின் பேட்டைகளையும் அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டார். மொத்தம் 139. அவற்றை நகரம், கடற்கரை, உள்நாடு என்று மூன்று வட்டாரமாக்கி, ஒவ்வொரு வட்டாரத்தையும் பத்துப் பத்துத் தொகுதியாகப் பிரித்தார். வட்டாரத்துக்கு ஒன்றாக மூன்று தொகுதிகளைச் சேர்த்தால் ஒரு புதிய குலம். இப்படிப் பத்துக் குலங்கள். மீன்பிடிக் கிராமத்துக்காரரும் மலையடிவாரத்து ஆட்டுக்காரரும் நகரத்துக் குயவரும் ஒரே குலத்தில் வந்தார்கள். ஒரே அணியில் நின்று போரிட்டார்கள். ஒரு பெருங்குடும்பத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஊர்கள் மூன்று நான்கு குலங்களாகச் சிதறின. பதினெட்டு வயதான பையனின் பெயரை அவனுடைய ஊர்க்கூட்டம் பதிவேட்டில் ஏற்றும். பெயருக்குப் பின்னால் ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொல்வது அரசாங்க வழக்கமானது.

பத்துக் குலங்களிலிருந்து குலத்துக்கு 50 பேர் என்று ஐந்நூற்றுவர் அவை அமைந்தது. முப்பது வயது நிரம்பியவர்கள் ஓராண்டுக்கு உறுப்பினர். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் முடியாது. பின்னாளில் இவர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். ஆண்டைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குலத்தின் 50 பேர் நிர்வாகக் குழுவாக இருந்தார்கள். அகோரா என்ற சந்தைத் திடலில் அவர்களுக்கு வட்டமான ஒரு கட்டடம் உண்டு. அதன் அடித்தளத்தை இன்றும் பார்க்கலாம். அவர்கள் அரசாங்கச் செலவில் அங்கேயே சாப்பிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கினர் இரவிலும் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். நள்ளிரவில் தூதன் ஓடி வந்தாலும் ஆள் இருக்க வேண்டுமல்லவா?

அந்த ஐம்பது பேரிலிருந்து தினமும் ஒருவரைக் குலுக்கலில் எடுத்தார்கள். ஒரு பகல், ஓர் இரவு அவரே தலைவர். அரசின் முத்திரையும், பணமும் ஆவணங்களும் இருந்த கோயில்களின் சாவிகளும் அவரிடம் இருக்கும். மறுநாள் அவற்றை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தப் பதவி அவருக்கு மறுபடி கிடைக்காது. ஆண்டுக்கு முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி ஒருநாள் நாட்டின் தலைவராக இருந்தார்கள். வயது வந்த ஆண் குடிமக்கள் சுமார் 30,000 பேர் இருந்த ஊரில், அவை உறுப்பினராக ஓராண்டு உட்காராத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ளும் அரசியல் அல்ல இது. தோல் பதனிடுபவரும் எண்ணெய் வியாபாரியும் வரவு செலவைப் பார்த்தார்கள், கப்பல் கட்டுவதை மேற்பார்வையிட்டார்கள், வெளிநாட்டுத் தூதரிடம் பேசினார்கள்.

அவை எதையும் முடிவு செய்யாது. விவாதப் பொருளைத் தயாரித்துக் கொடுக்கும். முடிவு மக்கள் சபையில். அக்ரோபோலிஸுக்கு மேற்கே உள்ள பினிக்ஸ் குன்றின் சரிவில் அது கூடியது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 40 கூட்டங்கள். விடிந்ததும் பன்றிக்குட்டி பலியிட்டு இடத்தைத் தூய்மையாக்கிய பிறகு, பேச விரும்புவோர் யார் என்று கட்டியக்காரர் கேட்பார். குடிமகன் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கைதூக்கி வாக்கெடுப்பு. முக்கியமான சில முடிவுகளுக்கு 6,000 பேர் வேண்டும். சந்தையில் அரட்டையடித்தபடி நிற்பவர்களைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துக் குன்றை நோக்கித் தள்ளுவதை அரிஸ்டோபனிஸ் கி.மு. 425-ல் மேடையேறிய ‘அகார்னியர்’ நாடகத்தில் காட்டுகிறார். வேலையை விட்டுவிட்டு வரும் ஏழைக்குக் கூலி போய்விடும் என்பதால், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டிச் சபைக்கு வருவதற்கும் படி கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் ஓபோல் என்ற சிறு வெள்ளிக் காசு ஒன்று, பிறகு மூன்று.

இந்த ஊர் தன் குடிமக்களை எவ்வளவு நம்பியது, எவ்வளவு சந்தேகப்பட்டது என்பதை நீதிமன்றத்தில் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் முப்பது வயதைக் கடந்த 6,000 பேர் நடுவர்களாகப் பதிவு செய்துகொள்வார்கள். அவர்களிடம் பெயர், தந்தை பெயர், ஊர் பொறித்த சிறு தகடு இருக்கும். வெண்கலத்தில் செய்த இத்தகைய தகடுகள் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. சிலர் சாகும்போதும் அதைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பினார்கள் போலும். வழக்கு நாளன்று காலையில் வருபவர்களின் தகடுகளை, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகக் காடி வெட்டிய ஒரு கற்பலகையில் செருகுவார்கள். பலகையின் ஓரத்தில் ஒரு குழாய். அதன் வாயில் வெள்ளையும் கறுப்புமான உருண்டைகளைக் கொட்டுவார்கள். கீழே ஒவ்வொன்றாக விடுவிக்க, வெள்ளை விழுந்தால் அந்தக் கிடைவரிசை முழுவதும் அன்றைக்கு நடுவர்கள். கறுப்பு விழுந்தால் வரிசை முழுவதும் வீட்டுக்கு. இப்படிப்பட்ட பலகையின் உடைந்த துண்டு ஒன்று ஏதென்ஸில் அகோரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. தேர்வானவர் எந்த மன்றத்துக்குப் போவது என்பதற்கு இன்னொரு குலுக்கல். எடுத்த எழுத்துக்குரிய மன்றத்தின் நிறத்தில் ஒரு கோல் கொடுப்பார்கள். அந்த நிறம் தீட்டிய வாசலில்தான் நுழைய முடியும். எந்த வழக்குக்கு யார் நடுவர் என்று காலை வரை எவருக்கும் தெரியாதபோது லஞ்சம் கொடுக்க நினைப்பவர் யாருக்குக் கொடுப்பார்? சிறு வழக்குக்கு 201 பேர், பெரிய வழக்குக்கு 501 பேர், சில நேரம் அதற்கும் மேல். நீதிபதி என்று யாரும் இல்லை. இரு தரப்பும் தாமே பேச வேண்டும். நேரத்தை அளக்க மண்பானையிலிருந்து தண்ணீர் ஒழுகும். அகோராவில் கிடைத்த ஒரு பானை காலியாக சுமார் 6 நிமிடம் ஆகிறது. சாட்சியத்தை வாசிக்கும்போது ஒழுகலை அடைத்து வைப்பார்கள். தீர்ப்புக்கு நடுவருக்கு இரண்டு வெண்கல வட்டுகள் கொடுப்பார்கள். ஒன்றின் நடு அச்சு துளையுள்ளது, மற்றதன் அச்சு கெட்டியானது. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அச்சின் இரு முனைகளையும் பொத்திப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டால், எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. இரகசிய வாக்கெடுப்புக்கு இதைவிட எளிய கருவி தேவையில்லை.

யாராவது அளவுக்கு மீறி வளர்ந்தால்? அதற்கு உடைந்த பானையின் ஓடு. ஆண்டுக்கு ஒருமுறை, இந்த ஆண்டு ஓட்டு வாக்கெடுப்பு வேண்டுமா என்று சபை கேட்கும். வேண்டும் என்றால் ஒரு குறித்த நாளில் குடிமக்கள் ஓட்டுச் சில்லில் ஒரு பெயரைக் கீறிக் கொண்டுவருவார்கள். குறைந்தது 6,000 சில்லுகள் சேர்ந்தால், அதிக வாக்குப் பெற்றவர் பத்தாண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகாது, குற்றமும் சாட்டப்படாது. திரும்பி வந்தால் எல்லா உரிமையும் உண்டு. முதன்முதலில் கி.மு. 487-ல் இதைப் பயன்படுத்தினார்கள். 1960களில் கெராமைகோஸ் பகுதியில் மட்டும் சுமார் 8,500 சில்லுகள் கிடைத்தன. சிலவற்றில் பெயரோடு வசவும் உண்டு. சில சில்லுகளில் எந்த மனிதரின் பெயரும் இல்லை. பஞ்சத்தை நாடு கடத்தச் சொல்லி அதன் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு பழைய கிணற்றில் 1937-ல் கிடைத்த குவியல் வேறு கதை சொல்கிறது. ஏறத்தாழ 190 சில்லுகள். எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளீஸ் என்ற அரசியல் தலைவரின் பெயர். எழுத்தை ஆராய்ந்தபோது பதினான்கு பேரின் கையெழுத்துத்தான் தேறியது. எதிரணியினர் முன்கூட்டியே எழுதி வைத்து, வருபவர்களுக்குக் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். மக்களாட்சி தொடங்கிச் சில பத்தாண்டுகளுக்குள் கட்சி வேலையும் தொடங்கிவிட்டது. கி.மு. 482-ல் நாடு கடத்தப்பட்ட அரிஸ்டைடிஸ் நேர்மையாளர் என்று பேரெடுத்தவர். பாரசீகப் படையெடுப்பு நெருங்கியதும் அவரைத் திரும்ப அழைத்தார்கள். அவரும் வந்து சாலமிஸ் கடற்போரில் போரிட்டார். இருபத்தைந்து நூற்றாண்டுக் காலம் கடந்தும் உலகம் பேசும் வெற்றியை அங்கே தேடித்தந்த தெமிஸ்டோக்ளீஸ், கி.மு. 471 அளவில் தானும் ஓடுகளால் வெளியேற்றப்பட்டு, கடைசியில் பாரசீக அரசனிடமே அடைக்கலம் புகுந்தார்.

சாலமிஸ் வெற்றிக்கும் ஏழையின் அரசியல் உரிமைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கி.மு. 483-ல் லாரியன் சுரங்கத்தில் வெள்ளி கொழித்தது. ஆளுக்குப் பத்து டிராக்மா பங்கிட்டுக்கொள்ளலாம் என்றிருந்த மக்களை, அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்டலாம் என்று தெமிஸ்டோக்ளீஸ் இணங்க வைத்தார். ஒரு கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள் தேவை. குதிரையோ கவசமோ வாங்க வசதியில்லாத நான்காம் வகுப்பினர் துடுப்புப் பலகையில் உட்கார்ந்தார்கள். கி.மு. 480-ல் நாட்டைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அதன்பின் அவர்களை ஒதுக்க முடியவில்லை. 462-1-ல் எபியால்டிஸ் என்ற அரசியல் தலைவர் அரியோபாகஸ் அவையின் அரசியல் அதிகாரங்களைப் பறித்துச் சபைக்கும் மன்றங்களுக்கும் கொடுத்தார். விரைவிலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள். அவருடைய கூட்டாளி பெரிக்ளீஸ் அந்த வழியிலேயே போனார்; நடுவர்களுக்கு நாளுக்கு இரண்டு ஓபோல் படி கொடுத்தார். பின்னால் கிளியோன் என்ற அரசியல் தலைவர் அதை மூன்றாக்கினார். படி வந்ததும் வயதான ஏழைகள் மன்றத்துக்குப் பெருமளவில் வந்தார்கள். உரிமையை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதைச் செலுத்த ஒருநாள் கூலியும் வேண்டும் என்பதைக் கண்டுகொண்ட முதல் ஊர் இதுதான்.

எல்லாப் பதவிக்கும் குலுக்கல் இல்லை. படைத்தளபதிகள் பத்துப் பேரைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கலாம். பெரிக்ளீஸ் தொடர்ந்து பதினைந்து ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். பின்னால் அரிஸ்டாட்டில், குலுக்கல் மக்களாட்சிக்குரியது, தேர்தல் சிலராட்சிக்குரியது என்றே வகுத்தார். தேர்தலில் புகழும் பணமும் குடும்பமும் உள்ளவர்தான் வெல்வார் என்பது ஏதென்ஸ் மக்களுக்கு அனுபவப் பாடம். எந்தப் பதவியில் இருந்தவரும் ஆண்டு முடிவில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தணிக்கை முடியும்வரை அவர் நாட்டைவிட்டு வெளியேற முடியாது.

இந்தச் சமத்துவத்துக்கு வேலி இருந்தது. அதன் வெளியே இருந்தவர்கள் உள்ளே இருந்தவர்களைவிட அதிகம். பெண்களுக்குச் சபையில் இடமில்லை. சொத்தும் வழக்கும் தந்தை, கணவன், மகன் என்று ஓர் ஆணின் வழியாகத்தான். அடிமைகளுக்கு எதுவும் இல்லை. லாரியன் வெள்ளியை நிலத்துக்கடியில் தோண்டி எடுத்தவர்கள் அவர்கள்தாம். நிகியாஸ் என்ற தளபதி தன் அடிமைகள் ஆயிரம் பேரை ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் என்று சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்ததாக ஜெனபோன் எழுதுகிறார். நடுவர் ஒருவருக்குக் கிடைத்த படியும் அந்த வெள்ளியில் அடித்த காசுதான். கப்பல்படைக்கான பணமும் வேலிக்கு வெளியே இருந்தவர்களிடமிருந்தே வந்தது. பாரசீகத்துக்கு எதிராகத் திரண்ட கூட்டணியின் கருவூலத்தைக் கி.மு. 454-ல் ஏதென்ஸ் தன் ஊருக்கே கொண்டுவந்துவிட்டது. நட்பு நாடுகள் கப்பம் கட்டும் நாடுகளாயின. நடுநிலையில் இருக்க விரும்பிய மெலோஸ் தீவை 416-ல் பிடித்து, ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அதைச் செய்தது இதே மக்களாட்சிதான். அதை மறைத்துவிட்டு ஏதென்ஸைப் புகழ்வது பொய்.

கி.மு. 451-ல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டம் வேலியை இன்னும் உயர்த்தியது: தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியினராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. பெரிக்ளீஸ் பின்னாளில் மிலேட்டஸ் நகரத்துப் பெண்ணான அஸ்பேசியாவோடு வாழ்ந்தார்; அவர்களுக்குப் பிறந்த மகன் அந்தச் சட்டப்படி அந்நியன். பின்னர் ஊரைத் தாக்கிய கொள்ளைநோயில் முறைப்படியான இரண்டு மகன்களும் இறந்தபின், பெரிக்ளீஸ் சபையிடம் கெஞ்சி அந்த மகனுக்குக் குடியுரிமை வாங்கினார். தந்தை பெயரையே தாங்கிய அவன் தளபதியும் ஆனான். கி.மு. 406-ல் அர்கினுசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலில் மூழ்கிக்கொண்டிருந்த மாலுமிகளைத் தளபதிகள் மீட்கவில்லை என்று ஊர் கொதித்தது. தனித்தனியாக விசாரிக்காமல் ஒரே வாக்கெடுப்பில் அனைவருக்கும் மரண தண்டனை என்று தீர்மானம் வந்தது. சட்டத்துக்கு முரணான அந்தத் தீர்மானத்தை வாக்குக்கு விட மாட்டேன் என்று நிர்வாகக் குழுவில் குலுக்கலில் வந்திருந்த ஒருவர் கடைசிவரை மறுத்தார். அவர் சாக்ரடீஸ். தடுக்க முடியவில்லை. ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பெரிக்ளீஸின் மகனும் அவர்களில் ஒருவன். பின்னால் ஊர் வருந்தியது.

வருந்தி நேரத்தோடு திருத்திக்கொண்டதும் உண்டு. கி.மு. 427-ல் கிளர்ந்தெழுந்த மிடிலினி நகரத்தின் ஆண்கள் அத்தனை பேரையும் கொல்லச் சபை முடிவெடுத்து, உத்தரவோடு ஒரு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் காலை மனம் உறுத்த, சபை மீண்டும் கூடியது. கிளியோன் பழைய முடிவில் நின்றார். டியோடோடஸ் என்பவர் எதிர்த்தார், இரக்கத்தைக் காட்டிலும் நாட்டின் நலனைக் காட்டியே வாதாடினார். சில கைகளின் வித்தியாசத்தில் முடிவு மாறியது. இரண்டாவது கப்பல் புறப்பட்டது. முதல் கப்பல் ஏறத்தாழ ஒரு பகலும் இரவும் முன்னால் போயிருந்தது. துடுப்புக்காரர்கள் ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பை விடாமலே தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். மிடிலினியில் இருந்த ஏதென்ஸ் தளபதி பாகிஸ் முதல் உத்தரவைப் படித்து நிறைவேற்றத் தயாரான வேளையில் கரை சேர்ந்தார்கள். நகரம் பிழைத்தது. ஆயினும் கலகத்தை முன்னின்று நடத்தியவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்று எழுதுகிறார் துசிடிடிஸ்.

ஸ்பார்டாவோடு நடந்த நெடும்போரில் ஏதென்ஸ் நொடித்தபோது, பணக்காரர்கள் இரண்டு முறை ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 411-ல் நானூறு பேர். 404-ல் ஸ்பார்டாவின் துணையோடு முப்பது பேர். முப்பதின்மர் சில மாதங்களில் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். சிராகூஸிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த லிசியாஸின் கேடயப் பட்டறையைச் சூறையாடி, அவருடைய அண்ணனை நஞ்சு குடிக்க வைத்தார்கள். தப்பி ஓடிய லிசியாஸ் மக்களாட்சிப் படைக்குப் பணமும் கேடயமும் கொடுத்தார். 403-ல் திராசிபுலஸ் தலைமையில் மக்களாட்சி திரும்பியது. அதற்காக உயிரையும் பொருளையும் பணயம் வைத்த லிசியாஸுக்குக் குடியுரிமை கொடுக்கும் தீர்மானம் மட்டும் விதிமுறைக் காரணம் காட்டி ரத்தானது. வேலி அவ்வளவு உயரம். ஆனாலும் வென்றவர்கள் பழிவாங்கவில்லை. பழைய தீங்குகளை இனி நினைவில் வைத்து வழக்காட மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். முப்பதின்மரையும் அவர்களுடைய முக்கியக் கையாட்களையும் தவிர மற்ற எல்லோருக்கும் மன்னிப்பு. உள்நாட்டுப் போரின் முடிவில் இப்படி ஒன்று நடப்பது அன்றைய கிரேக்க உலகில் அபூர்வம். நான்கு ஆண்டு கழித்து அதே ஊர்தான் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்தது என்பதும் உண்மை. முப்பது பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விடுதலையாகியிருப்பார் என்கிறார் பிளேட்டோ.

இத்தனையும் நமக்குத் தெரிவதில் ஒரு தற்செயலும் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் பள்ளி 158 நகர அரசுகளின் ஆட்சிமுறைகளைத் தொகுத்தது, எல்லாம் தொலைந்தன. ஏதென்ஸ் பற்றிய நூல் மட்டும் எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் சுருள்களில், பண்ணைக் கணக்கு எழுதிய தாளின் மறுபுறத்தில் கிடைத்து 1891-ல் அச்சேறியது. நடுவர் குலுக்கலின் ஒவ்வொரு படியும் அதில்தான் விவரமாக இருக்கிறது.

கி.மு. 338-ல் மாசிடோனியாவின் பிலிப்பிடம் கிரேக்கர்கள் தோற்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து, மக்களாட்சியைக் கவிழ்க்க முயல்பவரைக் கொன்றவர் மீது குற்றமில்லை என்று ஏதென்ஸ் சட்டம் போட்டுக் கல்லில் வெட்டியது. அந்தக் கல் 1952-ல் அகோராவில் கிடைத்தது. கி.மு. 322-ல் மாசிடோனியாவுக்கு எதிரான கடைசிக் கிளர்ச்சியும் தோற்றதும், வென்ற மாசிடோனியத் தளபதி அன்டிபேட்டர் துறைமுகத்தருகே படையை நிறுத்தினார். 2,000 டிராக்மா சொத்து உள்ளவர்களுக்கே இனி அரசியல் உரிமை என்றார். 12,000 பேர் அதை இழந்தார்கள் என்கிறார் புளூடார்க். ஏறத்தாழ 9,000 பேர் மிஞ்சினார்கள். பின்னாளில் அவ்வப்போது மக்களாட்சி தலையெடுத்தது. எப்போதும் ஏதாவதோர் அரசனின் நிழலில்தான். கிளைஸ்தனிஸ் காலத்திலிருந்து கணக்கிட்டால் 186 ஆண்டுகள் அது நின்றிருக்கிறது. உள்ளூர்ப் பணக்காரர்களால் இரண்டு முறை கவிழ்ந்தும் எழுந்தது. வெளியிலிருந்து வந்த படைதான் அதை முடித்தது.